மச்சானின் காதும் நாலாவது இன்னிங்ஸும்

ஹோப்வெல் ஊரில் ஆர்லோ வோத் பார்க்காத காது கிடையாது. கடைத்தெருவில், முடிவெட்டும் கடைக்கும் விதைக்கடைக்கும் நடுவில் அவருடைய சின்னக் கடை இருந்தது. காது மந்தமானவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, ‘பீப்’ சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார். பிறகு அளவெடுத்துக் கருவி கொடுப்பார். பாதிரியாருக்கு இடது காது பாதிதான் வேலை செய்கிறது என்பதும், மேயருக்கு இரண்டு காதும் கணீரென்று கேட்கும், புகார் சொன்னால் மட்டும்தான் கேட்காது என்பதும் ஆர்லோவுக்குத் தெரியும். ஆனால் வெளியே சொன்னதில்லை. ஊரில் எத்தனையோ பேர் கிண்டிப் பார்த்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பெயர்ந்ததில்லை.

அவர் அம்பயர் ஆனது ஒரு தும்மலால். பிள்ளைகள் பேஸ்பால் லீகின் கூட்டத்தில், “இந்த வருஷம் அம்பயரா யார் நிக்கறீங்க?” என்று கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லோவுக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. வாயைப் பொத்தக் கையைத் தூக்கினார். தூக்கிய கையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, கைதட்டிக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ஹோப்வெல் வெட்டுக்கிளிகள் அணிக்குக் கோச்சாக இருந்தவர் மெர்ல் ஸ்டக்கி. ஆர்லோவின் மனைவி லோரீனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். கோதுமை விவசாயி, ஆள் கதவு உயரம். மைதானத்துப் புல்லை விதைத்தது, தண்ணீர் பாய்ச்சியது, வாரம் தவறாமல் வெட்டியது எல்லாம் அவர்தான். தன் வயலைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டாரா என்பது சந்தேகம்.

அந்த மெர்லைத்தான் மார்ச் மாதத்தில் லோரீன் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கண்ணாடிக் கூண்டுக்குள் தள்ளினாள். சோதனையில் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. டிராக்டர் சத்தம், நாய் குரைப்பது, ஆம்பிளைக் குரல் எல்லாம் மெர்லுக்கு நன்றாகக் கேட்டன. பெண்கள் பேச்சு, பிள்ளைகள் பேச்சு, குருவிச் சத்தம், போன் மணி என்று கீச்சென்று இருப்பவை எதுவும் சரியாக எட்டவில்லை. நாற்பது வருஷமாக டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

“கருவி வெச்சுக்கணும், மச்சான்.”

“மாப்பிள்ளை, இது இந்த ரூமைத் தாண்டிப் போகக் கூடாது. லோரீனுக்குக்கூடத் தெரியக் கூடாது.”

“நான் எப்போ யார் காதைப் பத்தி வெளிய சொல்லியிருக்கேன்?”

வெளியே வந்ததும் மெர்ல் தங்கையிடம், “பாத்தியா? நரிக்கு இருக்கற காதாம் எனக்கு” என்றார். ஆர்லோ அலமாரியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஜூன் மாதம், அறுவடைக்கு முன்னால் கடைசி சனிக்கிழமை. அன்று மாலை லீகின் இறுதி ஆட்டம். எதிரே டன்பார் காளைகள். டன்பார் பக்கத்து ஊர்தான் என்றாலும், அந்த ஊர்க்காரன் வந்து தண்ணீர் கேட்டால்கூட ஹோப்வெல்லில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அவர்களுடைய கோச் பெவர்லி டைக் என்ற அம்மாள், பன்றிப் பண்ணை வைத்திருப்பவள். நானூறு பன்றிகளைத் தாண்டிக் கேட்கவேண்டிய குரல் அவளுடையது. அதை மைதானத்துக்கென்று அவள் குறைத்துக்கொள்வதில்லை.

மதியம் முதலே வெயில் கொதித்தது. காற்று அசையவில்லை. மேற்கே அடிவானத்தில் காலிஃபிளவர் மாதிரி மேகம் முளைத்து, ஆட்டம் தொடங்கும்போது வளர்ந்து தலை விரித்து நின்றது. ஆர்லோ பந்தைப் பார்க்கவேண்டிய நேரத்திலும் ஒரு கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லீகின் விதி அவருக்கு மனப்பாடம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்தவேண்டும். எல்லாரும் கட்டடத்துக்குள்ளோ, கூரை போட்ட வண்டிக்குள்ளோ போய்விடவேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் மறுபடி இறங்கலாம்.

இன்னொரு விதியும் இருந்தது. அன்றைய தகராறு எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தை வேறொரு நாள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். ஆனால் நாலாவது இன்னிங்ஸில் விருந்தாளி அணி ஆடி முடித்து, உள்ளூர் அணி முன்னால் இருந்தால், அதன்பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் உள்ளூர் அணிக்குத்தான் கோப்பை.

மூன்றாவது இன்னிங்ஸில் டன்பார் ஆறு, ஹோப்வெல் மூன்று. உடனே மெர்லுக்கு இடி கேட்க ஆரம்பித்தது.

“நிறுத்து! நிறுத்து! இடி!” என்று அணி உட்காரும் கொட்டகையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“அது பாலத்து மேல போற லாரி, மச்சான்.”

“மைதானத்துல என்னை மச்சான்னு கூப்பிடாதே. கோச்னு கூப்பிடு.”

“சரி கோச். அது லாரி, மச்சான்.”

பெவர்லி கொட்டகை வாசலில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “என்ன மெர்லு, தோக்கற நேரத்துல வானம் பேசுதா உங்கிட்ட?”

கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போனார். அதுவும் மெர்லுக்கு இடியாகப் பட்டது. பிறகு ஒரு குழந்தை ஐஸ் பெட்டியின் மூடியைப் போட்டு மூடியது. அதற்கும் வந்தார். ஆர்லோ முகமூடியைக் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீ போய் உட்காரு. இடி வந்தா நானே சொல்றேன்” என்று அனுப்பினார்.

மூன்றாவது இன்னிங்ஸின் கடைசியில் வெட்டுக்கிளிகளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஐந்து ரன் எடுத்தார்கள். ஹோப்வெல் எட்டு, டன்பார் ஆறு. மெர்லுக்கு அந்தக் கணமே காது அடைத்துக்கொண்டது.

நாலாவது இன்னிங்ஸ். டன்பாரின் ஆட்டம். ஒருத்தன் அவுட். இன்னொருத்தன் அவுட். மூன்று அவுட்டுக்கு இன்னும் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. மேகம் இப்போது மைதானத்துக்கு மேலேயே வந்து, வெளிச்சம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. கோதுமை வயல் பக்கமிருந்து ஜில்லென்று ஒரு காற்று வந்து எல்லார் தொப்பியையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. வீசுகிற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காலைத் தூக்கினான்.

மேற்கே வெளுப்பாக ஒரு மின்னல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கனமான மேஜையை மாடியில் யாரோ இழுப்பதுபோல், கடகடவென்று ஒரு நீண்ட உறுமல்.

ஆர்லோ இரண்டு கையையும் தூக்கினார். “ஆட்டம் நிக்குது! எல்லாரும் வெளிய!”

“இடி! இடி!” என்று பெவர்லி குதித்தாள். சற்று முன் சிரித்தவள் அவள்தான். “அம்பயரண்ணே, நீங்க நல்லா இருக்கணும்!”

ஆர்லோ அவள் ஆசீர்வாதத்துக்கு நிற்கவில்லை. தடுப்பு வேலிக்குப் பின்னால் ஒரு மேஜை போட்டு, மைக் வைத்துக்கொண்டு லோரீன் உட்கார்ந்திருந்தாள். ஆட வருகிற பிள்ளைகளின் பெயரைச் சொல்வது அவள் வேலை. ஆர்லோ ஓடிப்போய் மைக்கை வாங்கினார்.

“கார் இருக்கறவங்க காருக்குள்ள போய்க் கண்ணாடியை ஏத்திக்கங்க. நடந்து வந்தவங்க, சைக்கிள்ல வந்தவங்க எல்லாரும் டன்பார் பிள்ளைங்க வந்த ஸ்கூல் பஸ்ஸுல ஏறுங்க. மரத்தடி வேண்டாம். கொட்டகை வேண்டாம். அலுமினியப் படிக்கட்டுல ஒருத்தரும் உட்காராதீங்க. பேட்டெல்லாம் கீழ போடுங்க, பிள்ளைங்களா, அப்புறம் எடுத்துக்கலாம்.”

அதற்குள் மெர்ல் வந்துவிட்டார். மூச்சு இரைத்தது.

“என்ன மாப்பிள்ளை இது? ஒரே ஒரு ஆளு! ஒரே ஒரு பந்து! அதுக்குள்ள நிறுத்திட்டியே!”

“இடி, மச்சான்.”

“என்ன இடி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே! என் காதுக்கே கேக்காத இடி எங்க இருந்து வந்துச்சு? ஊர்லயே நல்ல காது யாருது? நீயே சோதிச்சுப் பாத்தவன்தானே! சொல்லு, எல்லாருக்கும் கேக்கறாப்புல சொல்லு!”

மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து லாரிக்கும் குப்பைத் தொட்டிக்கும் பதில் சொல்லிச் சொல்லி ஆர்லோ சலித்துப்போயிருந்தார். மார்ச் மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்த ஒரு சிரிப்பும் ஒரு கோபமும் உள்ளே ஒன்றாகக் கலந்து கிடந்தன. மேலே மறுபடி உறுமியது. ஆர்லோவின் வாய்ப்பூட்டு தெறித்தது.

“நான்தான் சோதிச்சேன்! அதனாலதான் சொல்றேன்! இடி உனக்கு நல்லாக் கேக்கும், மச்சான்! தெளிவாக் கேக்கும்! உனக்குக் கேக்காதது ரெண்டே ரெண்டு. ஒண்ணு பொம்பளைங்க பேசறது, இன்னொண்ணு பிள்ளைங்க பேசறது! பாதிக் காது செத்துப்போச்சு உனக்கு!”

கையிலிருந்த மைக்கை அவர் இன்னும் வாயருகேதான் பிடித்திருந்தார். கம்பங்களில் கட்டியிருந்த நாலு ஒலிபெருக்கிகளும் அதை வாங்கி, மைதானம், கார் நிறுத்துமிடம், அதைத் தாண்டி சர்ச் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. “செத்துப்போச்சு உனக்கு” என்பது சர்ச் சுவரில் மோதி இன்னொரு முறை திரும்பி வந்தது.

காருக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்த ஒருவர் மெல்வதை நிறுத்தினார். லோரீன் மெதுவாக எழுந்து மைக்கைப் பிடுங்கி அணைத்தாள்.

மெர்ல் ஏதாவது திட்டியிருந்தால் ஆர்லோவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ தொப்பியை எடுத்தார், பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். கொட்டகையை நோக்கி நடந்தார். பைகளை எடுத்துவரப் போகிறார் என்று ஆர்லோ நினைத்தார். நினைக்கத்தான் நேரம் இருந்தது. பஸ் வாசலில் கூச்சல் கேட்டது.

பஸ்ஸின் டிரைவர் எல்மர் கூப் படியில் கையை விரித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி ஓட்டி அவருக்கு விதியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் போயிருந்தது.

“முள்ளு வெச்ச ஷூவோட ஏறக் கூடாது. கழட்டு. தின்பண்டமும் கூடாது.”

மழையின் முதல் துளிகள், ஒவ்வொன்றும் நாணயம் அளவு, தரையில் விழுந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு முடிச்சு இறுகிக்கொண்டது. அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது.

“எல்மர்!” என்றாள் பெவர்லி. “மின்னல் அடிச்சா அந்த ஷூ மட்டும்தான்யா மிஞ்சும்! வழி விடு!”

“சீட்டு கிழிஞ்சா யார் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன். ஏறுங்க எல்லாரும்!” ஆர்லோ அம்பயர் குரலில் சொல்லி, எல்மரை இடுப்போடு தூக்கி ஒரு பக்கமாக வைத்தார். ஷூவும், ஹாட் டாக் ரொட்டியும், நாய் ஒன்றும், இரண்டு ஊர்களும் பஸ்ஸுக்குள் போயின. டன்பார்க்காரர் மடியில் ஹோப்வெல் பையன், ஹோப்வெல்காரி தோளில் டன்பார் பாட்டி. ஜன்னல்களை ஏற்றியதும் உள்ளே ஈர மிருகங்கள் வாடை வந்தது.

“எங்க அண்ணன் எங்க?” என்றாள் லோரீன்.

ஆர்லோ கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். மைதானத்தின் அந்தக் கோடியில், மூன்று பக்கமும் கம்பி வலையும் மேலே தகரக் கூரையும் போட்ட கொட்டகைக்குள், பெஞ்சில் மெர்ல் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிள்ளைகள் விட்டுப்போன பேட்டுகள். கொட்டகைக்கு நேர் பின்னால் விளக்குக் கம்பம். இடிக்கு விருந்து வைத்ததுபோல் இருந்தது.

லோரீன் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கிக் கத்தினாள். “அண்ணா! வா! இங்க வா!” அவள் குரல் கீச்சென்று காற்றில் போனது. மெர்ல் அசையவில்லை.

“அவருக்கு உன் குரல் கேக்காது” என்றார் ஆர்லோ. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

லோரீன் திரும்பினாள். “அது இப்பதான் ஊருக்கே தெரியுமே. எனக்கு ஏன் மார்ச்லயே தெரியல? ஒரே வீட்டுல இருக்கேன், ஒரே தட்டுல சாப்பிடறேன்!”

“தொழில் ரகசியம்...”

“இப்போ மட்டும் தொழில் எங்க போச்சு? போ. போய்க் கூட்டிட்டு வா.”

“திறந்த வெளியில நடந்து போகக் கூடாது, லோரீன். அதுக்குத்தானே எல்லாரையும் உள்ள ஏத்தினேன்.”

“அப்ப நடக்காம போ!”

ஆர்லோ அவளைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு எல்மரைப் பார்த்தார்.

“முடியாது” என்றார் எல்மர், கேட்கும் முன்பே. “இந்த பஸ்ஸுக்கு ரூட்டு இருக்கு. ஸ்கூல்லேர்ந்து மைதானம், மைதானத்துலேர்ந்து ஸ்கூல். மைதானத்துக்கு உள்ளன்னு ரூட்டு கிடையாது.”

“எல்மர்,” என்றாள் பெவர்லி, அவர் காதருகே குனிந்து, “அந்த மெர்ல் எனக்கு எதிரி. அவனை நான்தான் தோக்கடிக்கணும். மின்னல் அடிச்சுப் போச்சுன்னா நான் யாரைத் தோக்கடிக்கறது? எடுய்யா வண்டியை!”

எல்மர் பெருமூச்சு விட்டு, வழக்கம்போல் இரண்டு பக்கமும் பார்த்து, கை காட்டும் விளக்கைப் போட்டு, புல்வெட்டும் டிராக்டர் போக வைத்திருந்த பெரிய கேட் வழியாக மஞ்சள் பஸ்ஸை மைதானத்துக்குள் திருப்பினார்.

கொட்டகைக்குள் மெர்ல் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். இனிமேல் விதைக்கடைக்கு எந்த முகத்தோடு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். மழையும் இடியும் தெரிந்ததாம், ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லையாம். அப்போதுதான் தலையைத் தூக்கினார். டன்பார் பஸ், டன்பார் என்று பெரிதாக எழுதிய பஸ், ஆறு சக்கரங்களோடு அவருடைய புல்லின் மேல் வந்துகொண்டிருந்தது.

அவமானத்தைக்கூட மெர்ல் பொறுத்துக்கொண்டிருந்தார். புல்லை அவரால் பொறுக்க முடியவில்லை. கொட்டகையை விட்டுப் பாய்ந்து வந்தார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, தொப்பி பறக்க, பஸ்ஸை முட்டித் தள்ளுகிறவர்போல் நேராக ஓடிவந்தார்.

“நிறுத்துய்யா! புல்லு! என் புல்லு! இப்பதான் விதைச்சேன் அந்தப் பக்கம்! அடப்பாவி எல்மர்!”

பஸ் நின்றது. கதவு திறந்தது. மெர்ல் திட்டிக்கொண்டே படியில் ஒரு காலை வைத்தார், டிரைவரை வெளியே இழுப்பதற்காக. அதற்குமுன் பெவர்லி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். நாள்தோறும் பன்றிகளை வண்டியில் ஏற்றுகிற கை அது. ஒரே இழுப்பு. மெர்ல் உள்ளே வந்து நாயின் மேல் விழுந்தார். கதவு மூடியது.

அவ்வளவுதான், உலகம் வெள்ளையாகிவிட்டது. வெளிச்சமும் சத்தமும் சேர்ந்தே வந்தன. பஸ் முழுவதும் அதிர்ந்தது. கொட்டகைக்குப் பின்னாலிருந்த விளக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து பொறி கொட்டியது, கம்பி வலை நீலமாக ஒருமுறை மினுங்கியது, தகரக் கூரை ஒரு பக்கம் சுருண்டது. பேட்டுகள் பெஞ்சிலிருந்து உருண்டு விழுந்தன. மெர்ல் உட்கார்ந்திருந்த இடத்தில் மெல்லிசாகப் புகை வந்தது.

நாய்கூடக் குரைக்கவில்லை. மெர்ல் தரையில் உட்கார்ந்தபடி கதவுக் கண்ணாடி வழியாக அந்தப் பெஞ்சைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“அது எனக்குக் கேட்டுச்சு” என்றார் கடைசியில்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வர. லோரீன் சிரிக்கவில்லை. அண்ணன் தோளில் நாலு அடி அடித்துவிட்டு, அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். மெர்ல் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஆர்லோ இருக்கைகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு போய் மச்சான் எதிரே குந்தினார்.

“மச்சான், நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உன் காது உன் விஷயம். மன்னிச்சுக்கோ.”

மெர்ல் காதருகே கையைக் குவித்தார். “என்ன?”

“மன்னிச்சுக்கோன்னேன்.”

“கேக்கலையே, மாப்பிள்ளை.”

“மன்னிச்சுக்கோ, மச்சான்!”

“பாதிக் காது செத்துப்போச்சு பாரு, எனக்கு. இன்னும் கொஞ்சம் சத்தமா.”

ஆர்லோவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆம்பிளைக் குரல் அவருக்கு நன்றாகவே கேட்கும். அதைக் கண்டுபிடித்ததே ஆர்லோதான். ஆனாலும் எழுந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, தொண்டை கிழியக் கத்தினார்.

“என் மச்சான் மெர்ல் ஸ்டக்கிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்! நான் பண்ணது தப்பு!”

“பின்னாடி சீட்டுல கேட்டுச்சா?” என்றார் மெர்ல்.

“கேட்டுச்சு!” என்றது பின்னாடி சீட்டு.

“அப்பச் சரி.”

அதன்பிறகு காத்திருப்பு. எல்மர் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார், அந்த வேலை அவருக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு முறை இடி இடிக்கும்போதும், “முதல்லேர்ந்து அரை மணி” என்று அறிவித்தார். பஸ் முழுவதும் ஓலமிட்டது. இருபத்தெட்டாவது நிமிஷத்தில் ஒருமுறை, தூரத்தில், கோழி செருமியதுபோல் ஓர் இடி இடித்தது. டன்பார் பிள்ளைகளும் ஹோப்வெல் பிள்ளைகளும் ஒரே குரலில் வானத்தைத் திட்டினார்கள். அந்த இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை ஆர்லோ அன்றுதான் பார்த்தார்.

நேரம் போகப் போகப் பிள்ளைகளுக்கு ஒரு புது விளையாட்டுக் கிடைத்தது. மெர்லிடம் போய்க் காதருகே கத்துவது. அவரும் முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார். வெட்டுக்கிளிகள் அணியில் டெஸ்ஸா என்று ஒரு சின்னப் பெண், கொசு பாடுவதுபோல் குரல். அவள் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினாள்.

“கோச்! எனக்குப் பந்து வீசணும்!”

மெர்ல் திடுக்கிட்டார். “வீசணுமா? இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?”

“தினம் சொன்னேன்!”

“நான் என்ன சொன்னேன்?”

“‘சரி கண்ணு, சீக்கிரம் போயிட்டு வா’ன்னு சொன்னீங்க. நானும் தினம் பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்தேன்.”

பஸ் மறுபடி சிரித்தது. மெர்ல் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஒரு சீசன் முழுக்கத் தனக்குச் சொல்லப்பட்டது வேறு என்னவெல்லாம் என்று கணக்குப் போடுகிறவர்போல் மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

இருட்டிவிட்டது. ஆட்டம் ரத்து என்று ஆர்லோ அறிவித்தார். மறுபடி பூஜ்யத்திலிருந்து. மெர்ல் வாயைத் திறந்தார், சுருண்ட தகரத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கடைசி அரை மணியும் முடிந்து எல்மர் பஸ்ஸைக் கிளப்பினார். பஸ் கிளம்பவில்லை. சக்கரங்கள் மழை குடித்த புல்லில் அச்சு வரை இறங்கி, சேற்றை வாரி இறைத்தன. மெர்ல் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய டிராக்டர் வந்து இழுத்தது, நகரவில்லை. டன்பாரிலிருந்து பெவர்லியின் டிராக்டரும் வந்து இரண்டுமாக இழுத்தபோதுதான் பஸ் வெளியே வந்தது. அது விட்டுப்போன பள்ளத்தில் கன்றுக்குட்டி ஒன்று படுக்கலாம்.

அதனால் மறு ஆட்டம் டன்பார் மைதானத்தில் வைக்கப்பட்டது. அறுவடை முடிந்து, வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெர்ல் காரிலிருந்து இறங்கியபோது ஆர்லோ முதலில் பார்த்தது அவர் காதைத்தான். இரண்டு காதுக்குப் பின்னாலும் சாம்பல் நிறத்தில் சின்னக் கருவி. ஆர்லோவுக்கு ஒரு நொடி நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி அது தன் கடைச் சரக்கு இல்லை என்று தெரிந்தது.

“விச்சிட்டா டவுன்ல வாங்கினேன்” என்றார் மெர்ல், கேட்காமலே. “அந்தக் கடைக்காரருக்கு மைக் பழக்கம் இல்லையாம்.”

ஆர்லோ முகமூடியை மாட்டிக்கொண்டார். வலித்தது. நியாயம்தான் என்பதால் இன்னும் வலித்தது.

ஆட்டம் வெட்டுக்கிளிகளுக்குச் சரியாகப் போகவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் டெஸ்ஸா பந்து வீசினாள். முதல் பந்து வேலியைத் தாண்டியது. இரண்டாவது பந்து ஆர்லோவின் முழங்காலில் பட்டது. மூன்றாவது பந்து நேராக, அழகாக, ஆடுகிறவன் நிற்கும் தட்டின் நடுவே வந்தது. ஆடிய பையன் அதை அடித்து எங்கேயோ அனுப்பிவிட்டான். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், அடித்தவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மெர்ல் அவளை எடுக்கவில்லை, அந்த இன்னிங்ஸ் முழுக்க அவளே வீசட்டும் என்று விட்டுவிட்டார். டன்பார் பதினான்கு, ஹோப்வெல் மூன்று. பெவர்லியின் சிரிப்பு ஹோப்வெல் வரைக்கும் கேட்டிருக்கும்.

நடுவில், இடைவேளையில், மெர்லின் வலது காதுக் கருவி விசிலடிக்கத் தொடங்கியது. தொப்பியைச் சாய்த்தால் ஒரு விசில், நிமிர்த்தினால் இரண்டு. டன்பார் நாய்கள் வந்து சுற்றி நின்றன. ஆர்லோவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது, காதுக்குள் போகும் அச்சு சரியாக உட்காரவில்லை. விரல்கள் பரபரத்தன. ஆனால் போகவில்லை. கடைசியில் மெர்லே வந்தார். வானத்தைப் பார்த்துக்கொண்டு, தலையை மட்டும் ஆர்லோ பக்கம் சாய்த்தார். ஆர்லோ கையுறையைக் கழற்றி, கருவியை எடுத்து, தேர்ந்த கைவேலைக்காரர்போல் இரண்டே திருப்பில் சரிசெய்து வைத்தார்.

“சரியா?” என்றார்.

“ம்” என்றார் மெர்ல், போய்விட்டார்.

அதற்கடுத்த இன்னிங்ஸில் ஒரு விஷயம் ஆர்லோவுக்கு உறைத்தது. தட்டுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டு மச்சானைப் பற்றி வாய்க்குள்ளேயே ஏதாவது சொல்லிக்கொள்வது அவருடைய பழக்கம். உதடு மட்டும் அசையும், மூச்சு மாதிரிச் சத்தம் வரும். அந்த ஒரு சுகத்துக்காகத்தான் தும்மலால் வந்த வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுகூடச் சொல்லலாம். அன்று வெட்டுக்கிளிகள் பையன் ஒருவன், மெர்ல் கைகாட்டிச் சொன்னபடியே, அடிக்கக் கூடாத பந்தைச் சுழற்றி அடித்துத் தவறவிட்டான்.

“கிழட்டு எருமை, அதைப் போய் அடிக்கச் சொல்லுவானா?” என்று ஆர்லோ முகமூடிக்குள் முணுமுணுத்தார்.

கொட்டகைக்குள்ளிருந்து, தகரம் அதிர, குரல் வந்தது.

“கேட்டுச்சு, மாப்பிள்ளை!”